பின்சீட்டில் மாதம்மாள்

1

உண்மையை முதலிலேயே கக்கிவிடுகிறேன். இந்தக் கதை மின்விசிறியால் வந்தது. காகிதம் பறக்கிறதே, எதையாவது வைத்து அமுக்கலாம் என்று மேசை இழுப்பறையில் கையை விட்டேன். கார் மூக்கில் பதிக்கிற முத்திரை ஒன்று அகப்பட்டது. மெக்கானிக்குகள் அதை மோனோகிராம் என்பார்கள். ‘மகுடம்’ என்று எழுத்து, இரண்டு பக்கமும் திருகாணி ஓட்டை. அதைத் தூக்கி வெள்ளைத்தாள் மேல் வைத்தேன். வைத்த பிறகு தாள் சும்மா கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அது எப்படி என் கைக்கு வந்தது என்பதுதான் கதை. திருடவில்லை. கொடுத்தார்கள்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

“ஜவ்வாது மலையின் பச்சைச் சரிவுகளில் பனி மெல்ல விலகிய அந்த இனிய காலைப் பொழுதில்…” (சீ. அது மாசி மாதம், புளி உலுக்குகிற காலம். பனியைப் பார்க்க யாருக்கு நேரம்?)

“ஒரு கார் கம்பெனி தன் வண்டிகளுக்கு எப்படிப் பேர் வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடி நான்…” (இப்படித் தொடங்கினால் நீங்கள் எழுந்து காபி போடப் போய்விடுவீர்கள்.)

“மாதம்மாள் மலையை விட்டுக் கீழே இறங்கி ஆறு வருசம் ஆகியிருந்தது.”

இது பரவாயில்லை. ஆனால் அவளிடம் போவதற்கு முன்னால் கம்பெனியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேர் சொல்ல மாட்டேன், கம்பெனியே இப்போது இல்லை.

3

1984. எனக்கு இருபத்தெட்டு வயது. கணியம்பாடிக்காரன், மெட்ராஸில் கார் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரிவில் இளநிலை அதிகாரி. கம்பெனி புதிதாக ஒரு கார் செய்யப் போகிறது. வெளிநாட்டுக் கூட்டாளிகள் சொன்னார்கள்: உலகம் பூராவும் ஒரே வண்டி, ஒரே பேர், எந்த ஊர்க்காரன் ஏறினாலும் அதே சீட்டு. எங்கள் மேலாளர் சிங்காரம் சாருக்கு அது பிடிக்கவில்லை.

“ஆளுக்குத் தக்க பேர் வேணும்யா” என்பார். “டவுன்காரனுக்கு ஒரு பேர், பட்டிக்காட்டானுக்கு ஒரு பேர். ரெண்டு பேருக்கும் ஒரே பேர் வெச்சா டவுன்காரன் வாங்க மாட்டான்.”

அதனால் ஒரே வண்டி இரண்டு பேரில் வந்தது. ஒரே மாவில் இட்லியும் தோசையும் போல. இஞ்சின் ஒன்று, கூடு ஒன்று, சக்கரம் ஒன்று. டவுனுக்கு ‘மகுடம்’, பின்னால் ஸ்பிரிங் வைத்த மெத்தை சீட்டு. கிராமத்துக்கு ‘உழவன்’, பின்னால் வெறும் பலகை. கிராமத்தான் பின்னால் மூட்டைதானே போடுவான் என்று மெட்ராஸில் ஏசி அறையில் உட்கார்ந்து முடிவாகியிருந்தது.

இரண்டையும் மலையில் ஓட்டிப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. படிவத்தின் கடைசிக் கேள்வி: ‘மலைப்பகுதியில் விற்க உகந்தது எது?’ இரண்டு கட்டம். உழவன் கட்டத்தில் சிங்காரம் சார் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தே கொடுத்திருந்தார். நான் அதன் மேல் பேனாவை ஓட்டினால் போதும்.

* ஒரு விஷயம், அப்புறம் மறந்துவிடுவேன். சோதனை வண்டி இரண்டிலும் ஒரு வியாதி இருந்தது. பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. வெளியேயும் சும்மா இழுத்தால் வராது. கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி இழுக்கணும். ஞாபகம் இருக்கட்டும்.

4

மகுடத்தை நான் ஓட்டினேன். உழவனை ஓட்டியவன் எங்கள் ஃபிட்டர் தசரதன். ஜமுனாமரத்தூர் தாண்டி சின்னராசு வீட்டு வாசலில் நிறுத்தினோம். சின்னராசுக்கு ஐம்பது வயதிருக்கும், புளியும் சாமையும் விளைகிற நிலம். “கார் வாங்கணும்” என்று கம்பெனிக்குத் தபால் கார்டு போட்ட ஒரே மலைக்காரர் அவர்தான்.

அவர் வண்டியைத் தொடவில்லை. ஆள் அனுப்பி மாதையனை வரவழைத்தார். மாதையன் மாட்டுத் தரகர்.

(இந்த மாதையனை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. காரைப் பார்க்க மாட்டுத் தரகரா, கதைக்காக இட்டுக்கட்டியது என்பீர்கள். நானே இரண்டு தடவை அவரைக் கதையிலிருந்து அடித்துவிட்டு எழுதிப் பார்த்தேன். அவர் இல்லாமல் கதை நொண்டுகிறது. இருக்கட்டும்.)

மாதையன் இரண்டு வண்டியையும் சுற்றி வந்தார். பின்பக்கம் ஒரு தட்டு தட்டினார். மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரி குனிந்து அடியில் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “ரெண்டும் ஒரே தாய் போட்ட கன்னு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த உண்மையை வெளியே விடக் கூடாது என்று எங்களுக்குத் தனியாக ஒரு சுற்றறிக்கையே வந்திருந்தது.

“பேரு வேற வேறயா கீதே சார்?” என்றார் சின்னராசு.

“இது டவுனுக்குங்க. அது உங்களுக்குன்னே செஞ்சது.”

“எங்களுக்குன்னேவா?” என்று சிரித்தார். “இன்னா எழுதிக் கீது?”

“உழவன்.”

அவர் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தார். “நான் உழவன்னு எனக்குத் தெரியும் சார். ஊருக்கும் தெரியும். வண்டி வேற இன்னாத்துக்கு அத்த சொல்லிக்கினே போவணும்?”

சந்தைப்படுத்துதல் பற்றி அப்புறம் எத்தனையோ வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு மேல் எவரும் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.

5

மலையில் மாட்டை வெறுமனே பார்த்து வாங்க மாட்டார்கள். தங்கள் பாரத்தை ஏற்றி, தங்கள் மேட்டில் ஓட்டி, பின்னாலேயே நடந்து பார்ப்பார்கள். அதேபோல உழவனில் நாலு புளி மூட்டை ஏற்றினார்கள். மகுடத்தின் டிக்கியிலும் பின்சீட்டிலுமாக நாலு மூட்டை. தசரதன் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினான். மாதையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். இரண்டும் ஒரே மாதிரி ஏறின, ஒரே மாதிரி மூச்சு வாங்கின.

மூட்டையை இறக்கினதும் சின்னராசு வீட்டுக்குள் பார்த்து, “அடியே, வா. உன்னோட பாரந்தான் பாக்கி” என்றார்.

அவர் மனைவி மாதம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து போயிருந்தது. பஸ் படி ஏற முடியாது, ஏறினாலும் அந்தக் குலுக்கல் தாங்காது. தங்கச்சி பாஞ்சாலை குடும்பம் கரும்பு வெட்டப் போய் படவேட்டிலேயே தங்கிவிட்டது. அங்கே அவள் கட்டின வீட்டை மாதம்மாள் இதுவரைக்கும் பார்த்ததில்லை. போன பொங்கலுக்கு முந்தின பொங்கலில் பாஞ்சாலை வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறாள்: “நீ என் வூட்டு வாசலுக்கு வர்ற வரைக்கும் நானும் மலை ஏற மாட்டேன் போ!” அன்றோடு வரத்து நின்றுவிட்டது. அக்காவின் இடுப்பு வலியைப் பாஞ்சாலை சாக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாதம்மாளை முதலில் உழவனில் ஏற்றினார்கள். பலகையில் உட்கார்ந்தவள் பத்தடி போவதற்குள், “ஐயோ, நிறுத்து நிறுத்து” என்றாள். பிறகு மகுடத்தில். மேடு ஏறி, இறங்கி, கல் பாதையில் ஒரு சுற்று வந்து நிறுத்தினேன். சத்தமே இல்லை. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன்.

“இன்னா தம்பி அதுக்குள்ள நிறுத்திட்ட?” என்றாள்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த சீட்டை என் கையாலேயே தைத்த மாதிரி.

5 (வேண்டாம் என்று விட்டது)

இங்கே ஒரு நல்ல முடிவு தானாக வருகிறது. நான் மெட்ராஸ் போகிறேன், மேசையைத் தட்டிப் பேசுகிறேன், சிங்காரம் சார் கண் கலங்கி என் தோளில் கை வைத்து…

சிங்காரம் சார் யார் தோளிலும் கை வைத்ததில்லை. விட்டுவிடுவோம்.

6

“இத்தயே குடுத்துடுங்க சார்” என்றார் சின்னராசு, மகுடத்தைக் காட்டி.

“மகுடம் மலையில விக்க மாட்டாங்கண்ணே. அந்தப் பேரு டவுனுக்கு மட்டும்.”

“பேருதான் பிரச்சனையா?”

“ஆமாங்க.”

“சீட்டு இல்லியே?”

“சீட்டு… பேரோட வருதுங்க.”

அவர் தசரதனிடம் கையை நீட்டினார். “திருப்புளி இருந்தா குடுப்பா.”

தசரதன் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கொடுத்துவிட்டான், படுபாவி. சின்னராசு வண்டி மூக்கில் இரண்டு திருகாணியையும் கழற்றி, முத்திரையை மேல்துண்டில் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“எங்க பக்கம் மாடு வித்தா, பழைய கயித்த அவுத்து விக்கிறவன் கையில குடுத்துடுவோம். வாங்குறவன் புதுக் கயிறு கட்டிக்குவான். கயிறு உங்களுது, நீங்களே வெச்சிக்கிங்க. இப்ப இதுக்குப் பேரு இல்ல. மலையில விக்கலாமில்ல?”

மாதையன், “சரியான பேச்சு” என்று தலையாட்டினார்.

* கூட்டாளிகள் உலகத்துக்கெல்லாம் ஒரே பேர் என்றார்கள், சிங்காரம் சார் ஆளுக்கொரு பேர் என்றார். பேரே வேண்டாம், சீட்டு போதும் என்று ஒருவர் கேட்பார் என இரண்டு பக்கமும் யோசிக்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

வண்டிக்குள்ளிருந்து மாதம்மாளின் குரல் வந்தது.

“பேசி முடிச்சிட்டீங்களா? படவேடு போய்ட்டு வந்துடலாமா தம்பி?”

சோதனை வண்டி குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. தெரிந்தால் வேலை போனாலும் போகும். தெரிந்துதான் சாவியைத் திருகினேன்.

7

போளூர் வழியாக இறங்கி, சந்தவாசல் தாண்டி, படவேடு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. முன்சீட்டில் சின்னராசு. பின்சீட்டில் மாதம்மாள், மடியில் ஒரு சாமை மூட்டை, பக்கத்தில் புளி ஒரு கூடை. வழியெல்லாம் ஒரு தடவைகூட “ஐயோ” என்று சொல்லவில்லை. கரும்புக் கொல்லை வந்ததும் தலையை வாரி முடிந்துகொண்டாள்.

பாஞ்சாலையின் வீட்டு வாசலை ஒட்டியே நிறுத்தினேன். சின்னராசு இறங்கப் பார்த்தார். “நீ கம்முனு உக்காரு” என்றாள் மாதம்மாள். “அவ வரட்டும். அவ வந்து கூப்புட்டாதான் எறங்குவேன்.”

பாஞ்சாலை வெளியே வந்தாள். கையில் சோற்றுக் கரண்டி. மூக்கில் பேர் இல்லாத காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், யாரோ தாசில்தார் என்று நினைத்திருப்பாள். கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தாள். கரண்டி கீழே விழுந்தது.

“வாசலுக்கு வந்துட்டேன்டி” என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

பாஞ்சாலை ஓடிவந்து கதவைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். உள்ளே அக்கா கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், அழவும் செய்கிறாள். வெளியே தங்கச்சி, “இன்னா கதவுடா இது” என்று வண்டியை வைகிறாள், அவளும் அழுகிறாள். என் மடியில் படிவம். கடைசிக் கேள்வியில் இரண்டு கட்டம், ஒன்றில் சிங்காரம் சாரின் பென்சில் புள்ளி. பேனா மூடியைத் திறந்துவிட்டேன்.

நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். எந்தக் கட்டத்தில் குறி போட்டேன், அதற்கு ஆபீசில் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பதெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். கதவு திறந்த பிறகு நீங்களே குறி போடுங்கள், நான் போட்டதும் அதேதான்.

முதலில் பாஞ்சாலைக்குச் சொல்லுங்கள், பாவம், எவ்வளவு நேரமாக இழுக்கிறாள். உங்களுக்குத்தான் தெரியுமே. கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி இழுக்கணும், அவ்வளவுதான்.