ஆமென் சொல்ல நேரமானது

1

இந்தக் கதை எனக்கு ஒரு துக்க வீட்டில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பத்தெட்டில், சிட்லபாக்கத்தில். ஒரு அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான்தான் ஆமென் சொல்ல நேரமாக்கிட்டேன்."

மற்றதெல்லாம் நான் கட்டியது. பெயர்களும்தான்.

2

ரத்தினபாய்க்கு ஜெபம் என்பது தனியாக உட்கார்ந்து செய்கிற காரியமில்லை. ஸ்டவ் பற்றவைக்கும்போது ஒரு வார்த்தை. சோறு வடிக்கும்போது ஒரு ஸ்தோத்திரம். வாசலில் மட்டும் கொஞ்சம் நீளம். வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் படியில் தலைகுனிந்து நிற்க வேண்டும். கணவர் துரைராஜ் டிபன் பாக்ஸோடு நிற்பார்.

"ரத்னா, கர்த்தர் காத்திருப்பாரு. பீச் ரயில் காத்திருக்காது."

"மொதல்ல கண்ண மூடுங்க."

(இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் பக்தி முற்றியவளாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பயந்தவள், அவ்வளவுதான்.)

3

அன்று வாசல் ஜெபத்தில் தன் தங்கச்சி பிள்ளையின் காய்ச்சலையும் சேர்த்துக்கொண்டாள். பிறகு ஒழுகுகிற சபைக் கூரையை. பிறகு, "இவர் போறப்பவும் வர்றப்பவும் கூடவே இரும் அப்பா..."

"ஆமென் சொல்லும்மா" என்றார் துரைராஜ்.

அவள் இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

அவர் ஓடினார். ஸ்டேஷனில் பாலம் ஏறாமல் தண்டவாளத்தைக் கடந்தார். எதிர்ப்பக்கம் வந்த வண்டியைப் பார்க்கவில்லை.

4

அன்று அவள் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டதால் துரைராஜ் நிதானமாகப் பாலம் ஏறி...

வேண்டாம். இப்படி எழுதினால், அவரைக் கொன்றது ஜெபம்தான் என்று நானே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அவருடைய வாட்ச் நின்றுபோயிருந்ததால்தான் நேரமானது என்றும் எழுதிப் பார்த்தேன். ரத்தினபாய் நம்ப மறுத்துவிட்டாள்.

பாஸ்டர் வந்து, "எல்லாம் தேவ சித்தம்மா" என்றார்.

"அப்ப நான் நீட்டுனதும் தேவ சித்தமா, ஐயா?"

அவருக்கு ஒரு பதில் எழுதிக் கொடுக்க நினைத்தேன். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். பாஸ்டருக்கு வைத்த காபி ஆறிப்போயிற்று.

5

அதற்குப் பிறகு அவள் ஜெபிக்கவில்லை. ஆனால் வாய் கேட்கவில்லை. சோறு வடிக்கும்போது 'ஸ்தோத்திரம்' தானாக வந்துவிடும். உடனே உதட்டைக் கடித்துக்கொள்வாள், கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தொட்டுவிட்டவள்போல.

6

மகள் பேபிக்குக் கிண்டியில் வேலை கிடைத்தது. முதல் நாள். செருப்பை மாட்டிக்கொண்டு, அப்பா நின்ற அதே படியில் தலைகுனிந்து நின்றாள்.

"போடி, வண்டி போயிடும்."

"நீ சொல்லாம எறங்க மாட்டேன்."

"நான் சொல்லித்தான்டி உங்கப்பா..."

"தெரியும். சொல்லும்மா."

ரத்தினபாய் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மகள் தலைமேல் வைக்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவைத்தால், சாயங்காலம் மகள் வரும்வரை அவள் உயிர் அவளிடம் இருக்காது. சொன்னாலோ, எவ்வளவு சொல்வது? அந்த அளவு எனக்குத் தெரியாது.

உங்களுக்கு ஜெபிக்கிற பழக்கம் இருந்தால், அவளுக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். நீட்டிவிடாதீர்கள். பேபி பாலம் ஏறி இறங்கிப் போக வேண்டும்.