ஏழாவது ஃபேடர்

மேசையின் ஏழாவது ஃபேடரைக் கீழே இறக்கினால், அதை வடிவமைத்தவனின் மனைவிக்குக் குரல் குறைந்தது. முழுக்க இறக்கினால் வாய் மட்டும் அசைந்தது. கணினியில் பாட்டுப் பதிவு செய்பவர்கள் மவுஸைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கிக் கிடந்த காலம் அது. அவர்களுக்காக, விரலால் தள்ளி ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர்கள் வரிசையாக வைத்த மேசையை, வீட்டின் கீழ்த்தளத்துப் பட்டறையில் அவனும் ஒரு கூட்டாளியும் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்னத் திரை. எந்தக் குரல், எந்த வாத்தியம் என்று அதில் பெயர் தெரியும். சோதனைக்கு வீட்டு ஆட்களின் பெயரை அடிப்பது பட்டறை வழக்கம். மாமனார் பெயரை அடித்தார்கள், நாயின் பெயரை அடித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஏழாவதில் அடித்த மனைவியின் பெயர் மட்டும் பலித்துவிட்டது.

பெயரை அழித்தால் ஆளுக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, ஃபேடரை மேலேற்றி வைத்து, யாரும் தொடக்கூடாது என்றார்கள். தொட்டது புருஷன்தான். மனைவி மருத்துவமனை வரவேற்பில் தொலைபேசி எடுப்பவள், பேச்சால் பிழைப்பவள். வீட்டில் சண்டை மூண்டால் அவன் கீழே போய் லேசாக இறக்குவான். "கொஞ்ச நேரம்தானே, தலவலி தாங்கல" என்பான் கூட்டாளியிடம். கூட்டாளியும் தடுக்கவில்லை, நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த மேசையின் பெருமையே அதன் ஞாபகம்தான். விரல் ஒருமுறை தள்ளியதைப் பதிந்துகொண்டால், அடுத்த முறை அடியிலிருக்கும் குட்டி மோட்டார் தானே தள்ளும். பதிவுப் பொத்தானை அணைக்க மறந்திருந்தான், அதை அமைத்த மகானுபாவன். சண்டையில்லாத நாட்களிலும் ஃபேடர் இறங்கத் தொடங்கியது. வருடம் திரும்புவதற்குள், வெறும் முனகல் கேட்கும் அளவில் நின்று, ஏறுவதையே விட்டுவிட்டது. அவளுக்கு வேலை போனது. பதிவை அழித்தார்கள், மறுபடி இறங்கியது. மின்சாரத்தைப் பிடுங்கினார்கள், முனகல்கூட நின்றுபோனதால் மறுபடி செருகினார்கள். மகள் காய்ச்சலில் அம்மா அம்மா என்று அரற்றியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் "இங்கதான் இருக்கேன்" என்று அவளால் சொல்ல முடியவில்லை. பாவி, அன்றைக்குத்தான் அழுதான்.

ஒரே ஒரு குணம் மிச்சமிருந்தது. மனித விரல் பட்டால் மோட்டார் விட்டுக்கொடுக்கும். அவன் ஓடிப்போய் ஃபேடரை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டான். "இனி இப்படியே பிடிச்சிட்டிருக்கேன், நீ பேசு" என்று கத்தினான். அவள் படியிறங்கி வந்தாள்.

"விரல எடுங்க."

"எடுத்தா போயிடுமே!"

"உங்க கையில இருக்கிற பேச்சு எனக்கு வேணாம். எடுங்க."

எடுத்தான். ஃபேடர் சரிந்தது. அவள் தன் விரலை வைத்து, அதை மெல்ல மேலே தள்ளினாள். "சாவிய வச்சிட்டு வெளிய போங்க" என்றாள்.

அவன் போய்விட்டான். அவள் மகளோடு பட்டறையிலேயே தங்கிவிட்டாள். இடது ஆட்காட்டி விரல் எப்போதும் ஏழாவது ஃபேடரில் இருக்கும், வலது கையால் பட்டறைக்கு வரும் தொலைபேசியை எடுப்பாள். இடது கையில் தட்டேந்திச் சோறு பிசையும் நேரம் மட்டும் பேச்சில்லை. வாங்க வருபவர்கள் அந்த மேசையைக் காட்டி விலை கேட்பார்கள். "அதுல ஆள் இருக்காங்க" என்பான் கூட்டாளி. அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த மேசையைப் பார்ப்பார்கள்.