பக்கத்து வீட்டு போன்

பாலக்கரையில் ரோஷன் பேகம் வீட்டுத் தொலைபேசிக்கு வந்த கம்பியை ஆட்கள் வெட்டிச் சுருட்டி எடுத்துப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தத் தொலைபேசி இன்னமும் வெள்ளிக்கிழமைதோறும், ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரத்தில் அடிக்கிறது. சந்தில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. கேட்டால், தண்ணீர் லாரி வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

ஒரு காலத்தில் அந்தச் சந்தில் போன் இருந்த வீடு அது ஒன்றுதான். மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகையிலும் வேலை மனுவிலும் அந்த எண்ணையே போட்டு, பக்கத்தில் PP என்று எழுதினார்கள். அந்த இரண்டெழுத்துக்கு ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். கோர்ட் குமாஸ்தா அரசு வக்கீல் என்றார். விசா ஏஜென்ட் பாஸ்போர்ட் என்றார். தில்லை நகர் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவர், சாப்பிட்ட பிறகு எடுக்கிற சர்க்கரை டெஸ்ட் என்று அடித்துச் சொன்னார். எல்லாம் சரிதான், போன் எண்ணுக்குத்தான் எதுவும் பொருந்தவில்லை. அடுத்த வீட்டுப் பூவரசன்தான் சிரித்துக்கொண்டே, "பக்கத்து வீட்டு போன், அவ்வளவுதாங்க" என்றான். அதுவே நிலைத்தது. போன் அடித்தால் அந்த வீட்டார் போய்க் கூப்பிட வேண்டும். சந்தின் மானம் மரியாதையெல்லாம் அந்த ஒரு வேலையில் இருந்தது.

பூவரசன் வெல்டராக ஷார்ஜாவுக்குப் போனான். அவன் மனைவி ராசாத்தி ரோஷன் பேகத்துக்கு அடுத்த வீடு. வெள்ளிக்கிழமை போன் வரும். "பாயம்மா, ராசாத்தியக் கூப்பிடுங்க, வச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல திரும்பப் பண்றேன்" என்பான். ஒரு பெருநாளுக்கு முந்தைய நாள், ராசாத்தி வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் ரோஷன் பேகத்தின் வாசலில் தேங்கியது. இருவரும் சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் கேட்டபோது, "அது திருவெள்ளறைக்கு, அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு தம்பி. எப்ப வரும்னு தெரியல" என்றாள் ரோஷன் பேகம். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள். அடுத்த வீட்டில் ராசாத்தி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, மணி அடிப்பதையும் நிற்பதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ரோஷம். போய்க் கேட்கவில்லை.

மனைவி தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று பூவரசன் நினைத்துக்கொண்டான். மழைக்காலத்துக்குள் மணி நின்றது. மறு வருடம், சாரம் சரிந்து அவன் செத்த சேதியை ஏஜென்ட் வந்து சொன்னார். துக்க வீட்டுக்கு ரோஷன் பேகம் சோறாக்கி எடுத்து வந்தாள். எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தாள், பொய் சொன்னதை ஒப்புக்கொள்ளாமலே எழுந்து போனாள்.

பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது, கம்பியும் போயிற்று. அந்த வாரமே வெறும் போன் அடித்தது. எடுத்தால் பூவரசன் குரல். "இங்கதான் இருக்கா தம்பி, இதோ கூப்பிடுறேன்" என்று ரோஷன் பேகம் அழுதாள். "அம்மா வீட்டுக்குப் போயிட்டாளா? சரிங்க பாயம்மா, அடுத்த வெள்ளி பண்றேன்" என்றது குரல். அவள் ஓடிப்போய் ராசாத்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ராசாத்தி அடிக்கவில்லை, அழவில்லை. "அடுத்த வாரம் வந்து கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் ராசாத்தியே எடுத்து, "ஏங்க, நான்தாங்க" என்றாள். "எப்ப வருவாள்னு தெரியலையா? சரிங்க பாயம்மா" என்றான் அவன். யார் என்ன பேசினாலும் அவன் காதுக்கு அந்தப் பழைய பொய்தான் போகிறது. போனைக் காயலான் கடையில் போடப்போன ரோஷன் பேகத்தின் மகன் நஸ்ருல்லாவை ராசாத்திதான் தடுத்தாள்.

இப்போது இருவருக்கும் சர்க்கரை, ரோஷன் பேகத்துக்கு முழங்காலும் போய்விட்டது. ராசாத்தி வந்து எடுக்கும்வரை போன் அடித்துக்கொண்டே இருக்கும். சத்தம் அவள் வீட்டுக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் ரோஷன் பேகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, "ராசாத்தி, ஒனக்குப் போன்" என்று வாசலில் நின்று கூப்பிட்டால்தான் அவள் எழுந்திருப்பாள். போவாள், எடுப்பாள், கேட்பாள், வைப்பாள்.

"நான் இன்னும் ஊர்ல இல்லையாம் பாயம்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.