சூடான பஞ்சு, ஆறிய சூப்

1.

இந்தக் கதை ஒரு பல்வலியில் பிறந்தது. பல் டாக்டரின் வரவேற்பறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு பழைய பத்திரிகை. அதில் ஒரு கிண்ணம் பாலும் தானியமும். என் ஏக்கத்தைப் பார்த்த பக்கத்து நாற்காலிப் பெண்மணி, "அது பால் இல்ல சார், ஒட்டுற பசை. பால் ஊத்தினா எல்லாம் ஊறிப்போயிடும்" என்றார். விளம்பரப் படங்களுக்காக உணவை ஜோடிப்பதுதான் அவர் தொழிலாம். பழத்தின் மேல் நிற்கும் நீர்த்துளி கிளிசரின். சூப்பிலிருந்து எழும் ஆவியோ, கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்த, கொதிநீரில் நனைத்த பஞ்சிலிருந்து வருவது.

பல்லைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதற்குள் அந்த அம்மாவுக்கு ஒரு மகளைப் பெற்றுக் கொடுத்துவிட்டேன். பதினான்கு வயது. சாப்பிட மாட்டேன் என்கிறாள். (அவருக்கு உண்மையிலேயே மகள் உண்டா என்று கேட்கவில்லை. வாய் மரத்துப் போயிருந்தது.)

2.

முதல் தொடக்கம்: "மகள் உணவை மறுத்தாள்." அடித்துவிட்டேன். ஏதோ தலைவர் உண்ணாவிரதத்துக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "கண்ணாடி முன் நின்று அவள் தன்…"

"கண்ணாடியா? வேற எதுவும் கிடைக்கலயா உங்களுக்கு?"

இது மகள். பிறந்து ஒரு பக்கம்கூட ஆகவில்லை, அதற்குள் வாய்.

மூன்றாவது: அந்த வீட்டு ஃபிரிட்ஜில் மேல்தட்டு படத்துக்கு, கீழ்த்தட்டு வீட்டுக்கு. நடக்கப் பழகிய நாளிலிருந்து மகள் கேட்டு வளர்ந்தது, "தொடாத, அது படத்துக்கு."

எழுதியதும் துள்ளிக் குதித்தேன். காரணம் கிடைத்துவிட்டது! அம்மாவின் தொழில்தான் மகளின் நோய்! ஆனால் நானே கதைக்குள் அழைத்துவந்த டாக்டரம்மா என் காலை வாரிவிட்டார். (இவர் வேறு டாக்டர். பல்லுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.)

"இதுக்கு இதுதான் காரணம்னு ஒண்ணைக் கை காட்ட முடியாதும்மா. உங்க மேல பழி போட்டுக்காதீங்க. அடம்னு அவளையும் திட்டாதீங்க, இது நோய். ஆனா இப்படியே போனா இதயம் தாங்காது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வரும். அதுவரைக்கும் மூணு வேளையும் கூட உக்காந்து சாப்பிடுங்க."

கதைக்காரனுக்குக் காரணம் வேண்டும், டாக்டருக்கு வேண்டாமாம். சரி, விட்டுக்கொடுத்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "கூட உக்காந்து" என்பது மட்டும் அவர் காதில் ஏறவில்லை.*

* அப்பா எங்கே என்பீர்கள். இரண்டாம் வரைவிலேயே வெளியூர் வேலைக்கு அனுப்பிவிட்டேன். அந்த மேசைக்கு மூன்று நாற்காலிதான். ஒன்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

3.

அன்று சாயங்காலம் அம்மா தனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் இறக்கினார். கேரட் துண்டுகளை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக சூப்பின் மேல் மிதக்கவிட்டார். கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்தார். ஒரே ஒரு பச்சை இலையை இங்கே வைத்து, அங்கே வைத்து, மறுபடி இங்கேயே வைத்தார். கிண்ணத்தைத் திருப்பி, அதன் நல்ல பக்கத்தை மகளுக்குக் காட்டினார். பிறகு கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பதுபோலத் தள்ளி நின்று பார்த்தார்.

ஆவி அழகாக எழுந்தது. மகள் கரண்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பசி இல்லாமல் இல்லை. பசிக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு பயம் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதை நான் எழுதியே விரட்டிவிடப் பார்த்தேன்: "அவள் கரண்டியை வாயில்…"

"இல்ல. வைக்கல."

"அவள் மெதுவாக…"

"மெதுவாவும் வைக்கல."

கிண்ணத்தைத் தள்ளிவிடத்தான் கையை நீட்டினாள். தொட்டதும் நெற்றி சுருங்கியது. பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, சூப் ஆறிப்போச்சு. பஞ்சுதான் சுடுது."

கைப்பழக்கம்! சத்தியமாக இதை நான் திட்டமிடவில்லை. மகள் சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அம்மாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

"எனக்கு வேற ஒண்ணும் தெரியலடி. உன்னைத் தொலைச்சிடுவேனோன்னு பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. தட்டைப் பார்த்தாலே."

4.

முடிவுகள்.

அ) மகள் கிண்ணத்தைக் காலி செய்து, மறுவாரமே பூரண குணமடைந்து, பள்ளி ஓட்டப்பந்தயத்தில்… (மகள் கொட்டாவி விடுகிறாள்.)

ஆ) ஆம்புலன்ஸ். நடக்கக்கூடியதுதான். எழுத எனக்குக் கை வரவில்லை.

இ) அம்மா சூப்பைத் திரும்பச் சூடாக்கி, இரண்டு கிண்ணங்களில் சரசரவென்று ஊற்றினார். விளிம்பெல்லாம் வழிந்தது. துடைக்கப் போன கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வாய் குடித்ததும் முகம் கோணியது.

"உப்பே போடலயே!"

(படத்துக்கு உப்பு எதற்கு?)

"உனக்குச் சமைக்கத் தெரியுமான்னே எனக்கு டவுட்டுதான்மா" என்று மகள் உப்பு டப்பாவை நகர்த்தினாள். பிறகு கரண்டியை எடுத்தாள். அது பாதி வழியில் நின்றது. அம்மா ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, எதிர்வீட்டுக்காரர் காரை நிறுத்தத் தெரியாமல் முன்னும் பின்னும் அல்லாடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மகள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க இன்னும் போகலயா?"

"முடிவு தெரியணுமே."

"எல்லாரும் என் வாயையே பார்த்துட்டிருந்தா நான் எப்படிச் சாப்பிடுறது? அதோ, உங்க பின்னாடி ஒருத்தர் படிச்சிட்டிருக்காரு பாருங்க. அவரையும் கூட்டிட்டுப் போங்க."

நியாயம்தான். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நாளைக் காலையும், மதியமும், அதற்கு அடுத்த நாளும் இதே மேசைதான், இதே பயம்தான். ஒரு கரண்டியில் முடிகிற சமாச்சாரம் இல்லை.

வாருங்கள், நீங்களும்தான். எதிர்வீட்டுக்காரர் காரை நிறுத்திவிட்டாரா என்று பார்ப்போம். பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டால், தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள்.