நெஞ்சுத் துண்டு

அவர் முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஒரு நாள் காலை, நிறுத்தத்தில் வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி, கை பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அசதியில் கண் அயர்ந்துவிட்டார் என்றுதான் பயணிகள் நினைத்தார்கள். பதினோரு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது, இதயம் பாதி பலத்தில்தான் வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வேலை போயிற்று. கூடவே உப்பும் போயிற்று.

அவருடைய மனைவி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சட்டைக் காலர் தைப்பவர். காலர் அரை நூல் விலகினாலும் பிரித்துத் தைக்கிற கை. டாக்டர் சொன்னதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். உப்பு டப்பாவைச் சமையலறையிலிருந்து கொண்டுபோய் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் என்பதால், அதைக் காலையிலேயே பாட்டில்களில் அளந்து வைத்தார். தினமும் எழுந்ததும் கணவரை எடைக்கருவியில் ஏற்றி, எடையை நாள்காட்டியில் குறித்தார். உடம்பில் நீர் சேர்ந்தால் முதலில் எடைதான் காட்டிக்கொடுக்கும்.

புதன்கிழமைதோறும் அவர் தனியாகப் பரிசோதனைக்குப் போவார். மனைவிக்கு லீவு கிடைக்காது. அங்கே உணவு ஆலோசகராக இருந்த பெண், ஒரு நாள் அவரிடம், சாப்பிட முடியவில்லையே என்று எதற்காவது ஏங்குகிறீர்களா என்று கேட்டார். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு, மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் பொரித்த கோழிக் கடையைச் சொன்னார். வண்டி ஓட்டிய காலத்தில் சம்பள நாளன்று மட்டும் அங்கே சாப்பிடுவாராம். ஆலோசகர் கணினியில் அந்தக் கடையின் சத்து விவரத்தைத் தேடிப் பார்த்தார். கால் துண்டு ஒன்றில் சோடியம் நானூற்று முப்பது மில்லிகிராம் என்றிருந்தது. அவருக்கு ஒரு நாளைக்கு அனுமதித்ததே இரண்டாயிரம். வாரத்துக்கு ஒரே ஒரு கால் துண்டு, உருளைக்கிழங்கு வறுவல் கூடாது, சாஸ் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். மனைவி அந்தச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, அரை மனதாகச் சரி என்றார்.

புதன்கிழமை பரிசோதனை முடிந்ததும் அங்கே சாப்பிட்டுவிட்டு வருவார். முதல் சில வாரம் வியாழக்கிழமை எடை கொஞ்சம் ஏறும், சனிக்கிழமைக்குள் இறங்கிவிடும். பிறகு ஏறியது இறங்க மறந்தது. ஒன்பதாவது வாரம் கணுக்கால் வீங்கி, காலுறையைக் கழற்றினால் வரி வரியாகத் தடம் விழுந்தது. மாடிப்படி நாலு ஏறினால் நின்று மூச்சு வாங்கினார். தாகம், தாகம் என்று தவித்தார்.

மனைவிக்குச் சந்தேகம் வந்தது. சட்டைப் பையைத் துழாவினார், துவைக்கப் போட்ட கைக்குட்டையை முகர்ந்து பார்த்தார். கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார்.

“ஒரு துண்டுதான். ஒண்ணே ஒண்ணு,” என்றார் அவர்.

“ஒரு துண்டுக்கா கால் இப்படி வீங்கும்? பச்சப் புள்ளகிட்ட சொல்ற மாதிரி சொல்றீங்க. நான் அங்க நாள் முழுக்க மெஷின்ல குனிஞ்சுகிட்டு, வீட்ல நீங்க எப்படி இருக்கீங்களோன்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன். நீங்க இங்க பொய் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கீங்க.”

இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் ‘பொய்’ என்ற சொல் அவர்களுக்கு நடுவே விழுந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலை மூச்சுத் திணறல் அதிகமாகி மறுபடி மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஊசி போட்டு உடம்பிலிருந்த நீரை வடித்தார்கள். நான்கு நாளில் ஆறு கிலோ இறங்கியது. உணவு ஆலோசகரும் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தார். அவர் அதே ஒரு துண்டைத்தான் சொன்னார்.

அவர் வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் மனைவி அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கடைக்குப் போனார். கணவர் எத்தனை துண்டு வாங்கினார் என்பதை ஆதாரத்தோடு தெரிந்துகொண்டு வந்து அவர் முன்னால் வைப்பதாக உத்தேசம். மதியக் கூட்டம் வடிந்திருந்தது. கவுண்டரில் சிவப்புத் தொப்பி போட்ட பெண் ஒருத்தி இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புதன்கிழமை வரும் ஒல்லியான மனிதர் என்று மனைவி அடையாளம் சொல்ல ஆரம்பித்ததுமே அவள் முகம் மலர்ந்தது.

“டிரைவர் சாரா? ரெண்டு வாரமா ஆளக் காணோமே. நல்லாருக்காராக்கா?”

“எத்தன துண்டு வாங்குவாரு?”

“ஒண்ணுதான். கால் துண்டுன்னு கேப்பாரு.” அவள் பின்னால் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா நான் கால் வைக்க மாட்டேன்கா. நெஞ்சுத் துண்டா, இருக்கறதுலயே பெருசா பாத்து வைப்பேன். ஒரு கை வறுவலும் போடுவேன். மேனேஜருக்குத் தெரியாது.”

ஏன் என்று மனைவி கேட்டார். அவள் சொன்னாள். முன்பு வேறு இடத்தில் வேலை பார்த்தபோது தினமும் காலையில் அவருடைய பேருந்தில்தான் போவாளாம். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் நேரமாகிவிடும். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுக்காமல் நிற்பாராம். ஒரு நாள்கூடக் கடிந்துகொண்டதில்லை. “அவருக்கு என்ன ஞாபகமே இல்ல. நானும் சொல்லிக்கல. ஆளு ரொம்ப இளைச்சுப் போயிட்டாரு, நல்லா சாப்பிடட்டும்னுதான்.”

வரும்போது மனதில் அடுக்கி வைத்திருந்த கேள்வி எதுவும் மனைவிக்கு நினைவில் இல்லை. சத்து விவரம் எழுதிய தாள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அவள் இழுப்பறையைக் குடைந்து, எண்ணெய் படிந்த தாள் ஒன்றை எடுத்தாள். நாலு வருடத்தில் யாரும் கேட்டதில்லை என்றாள். மனைவி விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். கால்: சோடியம் நானூற்று முப்பது. நெஞ்சு: ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. கொழுப்பு எட்டு கிராமிலிருந்து இருபத்தொன்றுக்குத் தாவியிருந்தது. வறுவலுக்குத் தனியாக முந்நூறு. ஒரே வேளைத் தீனியிலேயே ஒரு நாள் உப்பில் முக்கால் பங்கு போய்விடுகிறது. அந்த உப்பு கிளப்பிய தாகத்துக்கு அவர் எங்கெங்கே தண்ணீர் குடித்தாரோ.

அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார். கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மனைவி அவர் மடியில் தாளை வைத்தார்.

“கால் எலும்புக்கும் நெஞ்செலும்புக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?”

“தெரிஞ்சுது,” என்றார் அவர். தாளில் நெஞ்சுத் துண்டின் வரியை விரலால் தொட்டார். “நெஞ்சுல இவ்வளவு இருக்கும்னு தெரியாது. கோழி கோழிதானேன்னு விட்டுட்டேன்.”

“வறுவல்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் விழுந்ததுலேர்ந்து எல்லாரும் எங்கிட்டேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே இருந்தீங்க. என் நல்லதுக்குத்தான், இல்லன்னு சொல்லல. அந்தப் பொண்ணு ஒருத்திதான் எனக்குன்னு ஒண்ணு கூட வச்சா. அத வேணாம்னு தள்ள வாய் வரல.”

மனைவி தரையில் உட்கார்ந்து அவருடைய கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. “ஒரு துண்டுன்னு நீங்க சொன்னது நெசந்தான்,” என்றார். அவரால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கணவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் அவர் வேறொன்று கேட்டார். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லக் கூடாது. வீடு மாறிப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம். தெரிந்தால் அவள் மனசு உடைந்துவிடும். மனைவி தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார். இரண்டு நாள் காலர் தைத்துக்கொண்டே யோசித்தார். மருத்துவமனைக்கு நேர் எதிரே இருக்கிற கடை. மாத்திரைப் பையோடு ரோட்டைத் தாண்டி வருகிறவர் இவர் ஒருவர்தானா? சனிக்கிழமை போய் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டார்.

அவள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். எண்ணெய்ச் சட்டியின் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேறு யாரோ ஓடிவந்து கூடையைத் தூக்கினார்கள். திரும்பி வந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது.

“சார் நல்லாருக்காருல்ல?”

“இருக்காரு. அவருக்கு உன்மேல கோவம் இல்ல. எனக்குத்தான் இருந்துச்சு, வர்ற வழியில கரைஞ்சு போச்சு.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு மேசையில் எதிரே உட்கார்ந்து, தாளில் இருப்பதை ஒவ்வொன்றாக விளக்கச் சொன்னாள். கோழி உப்புத் தண்ணீரில் ஊறித்தான் வருகிறது, மாவிலும் உப்பு இருக்கிறது, அந்த மூட்டையைத் தினமும் தானேதான் பிரிக்கிறாள், அது யார் உடம்புக்குப் போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை என்றாள். தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டலாமா என்று மேனேஜரைக் கேட்டாள். தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார் அவர். அவர் கேட்டாரோ இல்லையோ, அடுத்த வாரம் கவுண்டர் கண்ணாடியில் அது ஒட்டியிருந்தது. அவர் அதைக் கிழிக்கவும் இல்லை.

மூன்று மாதம் அவர் கடைப் பக்கமே போகவில்லை. எடை ஆடாமல் நின்றது. உணவு ஆலோசகர் மாதம் ஒரு முறை, மொறுமொறு மேல்தோலை உரித்துவிட்டுக் கால் துண்டு சாப்பிடலாம் என்றார். அன்று கணவனும் மனைவியும் சேர்ந்தே போனார்கள். அந்தப் பெண் இடுக்கியால் ஒரு சின்னக் காலைத் தேடி எடுத்து, தட்டில் வைக்கும் முன் அவரிடம் காட்டினாள். எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம் என்று அவர் விசாரித்தார். நீலப் பை வைத்துக்கொண்டு ஓடிவருவாயே, நீயா அது என்றார். அவளுக்கு வாயெல்லாம் பல்.

உட்கார்ந்ததும் அவர் தோலை நிதானமாக உரித்து மனைவியின் பக்கம் தள்ளினார். மனைவி அதுவரை அந்தக் கடைக் கோழியை ருசி பார்த்ததே இல்லை. ஒரு துணுக்கு வாயில் போட்டு மென்றார்.

“எப்படி இருக்கு?”

“உப்பு ஜாஸ்தி,” என்று சொல்லிவிட்டு, மீதியையும் எடுத்துக்கொண்டார்.