பர்மா பச்சை

சசிகலா தம்பியின் டிரங்குப் பெட்டியைக் கட்டிலின் மேல் கவிழ்த்தாள். பழைய ஜீன்ஸ், ஒரு போர்வை, சாயம் போன லுங்கி. தேடிய பொருள் இல்லை. இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற அப்பாவுக்காக உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கெடச்சுதாடி?" முத்துவேல் கதவை இடித்தார். "மிலிட்டரி சங்கத்து ஆளுங்க பெரம்பலூரத் தாண்டிட்டாங்களாம். கொடி, மலர் வளையமெல்லாம் எடுத்துக்கிட்டு வராங்க. அதுக்குள்ள அந்த யூனிஃபார்ம அவன் மேல விரிச்சாவது போட்டுடணும்."

"இல்லப்பா. பெங்களூர்லயே இருக்கும்."

"இருக்கும், இருக்கும்! போட்டுக்கிட்டு வாடான்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன். முடியாதுன்னு போனை வச்சவன்தானே. சாவுற வரைக்கும் எம்பேச்ச ஒண்ணு கேட்டானா?"

சசிகலா துணிகளை உள்ளே திணித்தாள். பெட்டியை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

பந்தலுக்குள் ஐஸ் பெட்டி. அதற்குள் திருமுருகன், போஸ்ட்மார்ட்டம் முடித்துக் கழுத்து வரை வெள்ளைத் துணி சுற்றித் தந்தபடியே கிடந்தான். தலைமாட்டில் அம்மா செல்வம்மாள், அழுது தொண்டை கட்டி, விசிறியால் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தாள். பந்தல் முகப்பில் பத்தடி ஃபிளெக்ஸ். சாய்ந்த தொப்பியும் பச்சைச் சட்டையுமாகத் திருமுருகன் சிரித்தான். கீழே சிவப்பு எழுத்தில் 'வீரவணக்கம்'. அப்பா விடிந்ததும் பெரம்பலூரில் அடித்து வாங்கி வந்தது.

திருமுருகன் ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

திருச்சி ஆள்சேர்ப்பில் ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தவன். கண் பரிசோதனையில் கழித்துவிட்டார்கள். பச்சைக்கும் பழுப்புக்கும் அவன் கண்ணில் வித்தியாசமே கிடையாது. அந்த அவமானத்தோடு பெங்களூருக்குப் போய் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே ஒட்டிக்கொண்டதுதான் ஏர்சாஃப்ட் என்கிற விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமையானால் ஊருக்கு வெளியே ஒரு தைலமரத் தோப்பு, பிளாஸ்டிக் குண்டு துப்பும் பொம்மைத் துப்பாக்கிகள், எதிரும் புதிருமாக இரண்டு அணி. அவன் சேர்ந்த அணிக்குக் கூடுதலாக ஒரு பைத்தியம். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் சண்டை போட்ட இந்தியச் சிப்பாய் எதை உடுத்தினானோ அதையே உடுத்திக்கொண்டுதான் களத்தில் இறங்குவார்கள்.

முதல் வாரம் பிளாட்ஃபாரக் கடையில் மிலிட்டரிப் புள்ளி போட்ட பேன்ட் வாங்கி மாட்டிக்கொண்டு போய் நின்றான். "தம்பி, இது இந்தக் காலத்துத் துணி. நீ போக வேண்டியது பர்மா" என்று சிரித்தார்களாம். துப்பாக்கி இரவல் போதும், முதலில் பூட்ஸ், பிறகு பெல்ட், அப்புறம் சட்டை, கடைசியில் தொப்பி என்று சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாகச் சேர்த்தான். சட்டைத் துணி எடுக்கிற அன்று கடையிலிருந்தே சசிகலாவுக்கு வீடியோ கால்.

"யக்கா, இது பச்சையா காக்கியா? கடக்காரன் சொல்றத நம்ப முடியல."

குழம்பு அடுப்பில் கொதிக்க, அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அது காக்கிடா. அதுக்கு மேல இருக்கு பாரு, கருப்படிச்ச மாதிரி, அத எடு."

"அதான் பர்மா பச்சையா?"

"எனக்கென்னடா தெரியும், நான் என்ன பர்மாவுக்கா வாக்கப்பட்டேன்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். உடுத்தி முடித்து அவன் அனுப்பிய முதல் போட்டோவை அவள்தான் அம்மாவுக்குக் காட்டினாள். அம்மாவின் போனிலிருந்து அது அப்பாவுக்குப் போனது. சாயங்காலமே அப்பாவின் ஸ்டேட்டஸில் ஏறியது: 'நாட்டைக் காக்கும் என் மகன்'.

வாலிகண்டபுரம் ஊரே நம்பியது. தீபாவளிக்கு "மிலிட்டரி சரக்கு எங்கய்யா?" என்று கேட்டவர்களுக்கு முத்துவேல் பெரம்பலூரில் வாங்கிய பாட்டிலின் லேபிளைச் சுரண்டிவிட்டு ஊற்றினார். அந்தப் போட்டோவை வைத்தே அரியலூரில் ஒரு பெண்ணையும் பேசி முடித்தார். பெண் பார்க்க யூனிஃபார்மோடு நேராக வா என்றார்.

அன்றைக்குத் திருமுருகன் அக்காவிடம் கத்தினான். "வெளையாட்டுக்குப் போடுறது வேறக்கா, ஊர ஏமாத்தப் போடுறது வேற. செத்தாலும் போட மாட்டேன்."

நேற்று எல்லோரும் பெண் வீட்டில் தாம்பாளத்தை நடுவில் வைத்து அவனுக்காக உட்கார்ந்திருந்தபோதுதான் போன் வந்தது. பெரம்பலூரில் சிநேகிதனிடம் பைக்கை வாங்கிக்கொண்டு வந்தவன்மேல், அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஏறிவிட்டது. சசிகலாவின் கணவன் தமிழழகன்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

பந்தலுக்கு வெளியே பறைச் சத்தம் சட்டென்று நின்றது. முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து அமிர்தலிங்கம் உள்ளே வந்தார். நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு. கையில் மலர் வளையம், அக்குளில் கொடியை மடித்து வைத்த துணிப்பை. ஃபிளெக்ஸுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"தம்பி எந்த யூனிட்டுங்க?"

முத்துவேல் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது... ரகசியமான வேலைங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு..."

"செத்த பெறகு என்னங்க ரகசியம்? யூனிட்டுக்குத் தகவல் சொன்னீங்களா? அவங்க சொல்லாம நாங்களா கொடி போத்த முடியாது. நம்பர் இருந்தா குடுங்க, நானே பேசுறேன்."

"அதெல்லாம் சொல்லியாச்சுங்க. நீங்க போத்துங்க."

"யாருகிட்ட சொன்னீங்க?"

முத்துவேல் மகளைப் பார்த்தார். ஒரு பொய் சொல்லு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. கண்ணாடிக்குள் தம்பியின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. இந்தப் பொய்யையும் சுற்றிக்கொண்டா இவன் போக வேண்டும்?

"எந்தம்பி மிலிட்டரியில இல்லைங்க," என்றாள். "குடோன்ல வேல. அந்த டிரெஸ் ஒரு வெளையாட்டுக்கு வாங்குனது. நான்தான் கலர் பாத்துக் குடுத்தேன்."

பின்வரிசையில் பக்கத்து வீட்டுக் கலியம்மாளின் குரல் எழுந்தது. "அப்ப தீவாளிக்கு எங்கூட்டுக்காரருக்கு ஊத்துனது?" யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள்.

"அடிப்பாவி!" முத்துவேல் கையை ஓங்கினார். தமிழழகன் குறுக்கே பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

அமிர்தலிங்கம் பையைப் பிரிக்கவே இல்லை. மலர் வளையத்தை மட்டும் கால்மாட்டில் சாய்த்து வைத்தார். "இது புள்ளைக்கு," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். பறை மறுபடி தொடங்கியது.

வெள்ளைத் துணியோடே போனான் திருமுருகன்.

வெயில் தாழ்ந்தபோது ஆண்கள் சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டுத் திரும்பினார்கள். பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார். மிச்சமிருந்த ஒன்றில் முத்துவேல் ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காப்பியை வாங்கவில்லை.

"அப்பனும் மவனும் சேந்து ஊர ஏச்சோம்னு இனிமே சந்தி சிரிக்கும். சிரிக்கட்டும்." யாரையும் பார்க்காமல் பேசினார். "பொண்ணு வூட்டுல அவன அந்த டிரெஸ்ல பாக்கணும்னு ஒரு ஆச. ஒரே ஒரு பேச்சு. அதக்கூடக் கேக்காம போயிட்டான். அப்பன மதிக்காத பய. நீயும் அவன் அக்காதானடி."

சசிகலா எழுந்தாள். சுவரோரம் நின்ற தமிழழகன் வேண்டாம் என்று தலையசைத்தான். நேற்று ஆஸ்பத்திரி வாசலில், மாமாவுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று அவன்தான் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

அவள் உள்ளே போனாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு, ஆஸ்பத்திரியில் கட்டிக்கொடுத்த பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததை அப்பாவின் மடியில் வைத்தாள்.

கருப்படித்த பச்சைச் சட்டை. நெஞ்சுப் பக்கம் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. அவசரத்தில் கத்தரியால் கீழிருந்து மேல்வரை ஒரே வெட்டாக வெட்டி உருவியிருந்தார்கள்.

வெட்டுக்குப் பக்கத்தில் பொத்தான்கள், கழுத்து வரைக்கும், ஒன்று விடாமல் போட்டபடியே இருந்தன.