கப்பலூரில் ஒரு அரியர் பரீட்சை

கப்பலூரில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் நாற்பது பேரை உட்கார வைத்து, "நீங்கள் இணையத்துக்கு எவ்வளவு அடிமை?" என்று கேட்கும் வேலை தமிழ்ச்செல்விக்கு. கேட்டால் யாராவது சொல்வார்களா? சொல்வார்கள் என்று நம்பித்தான் உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. கையில் ஒரு தாள், தாளில் இருபது கேள்விகள். 'நினைத்ததைவிட அதிக நேரம் போனில் இருந்துவிடுகிறீர்களா?' 'வீட்டார் கூப்பிட்டும் போனை விட்டு எழாமல் இருக்கிறீர்களா?' இப்படி. 'ஒருபோதும் இல்லை' என்றால் ஒரு மதிப்பெண், 'எப்போதும்' என்றால் ஐந்து. அவரவரே டிக் அடித்துக்கொள்ள வேண்டும்.

தாளைத் தமிழில் ஆக்கியவள் அவள்தான். அது ஒழுங்காக அளக்கிறதா என்று காட்ட, இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் அதே தாளை மறுபடியும் நீட்ட வேண்டும். காலையில் ஒரு கிலோ காட்டிய தராசு சாயங்காலமும் ஒரு கிலோ காட்ட வேண்டுமல்லவா, அந்தக் கணக்குதான். இரண்டு தடவையும் ஒத்துப்போகும் அளவு, முழுசாக ஒத்துப்போனால் ஒன்று என்ற கணக்கில், 0.7ஐத் தாண்டிவிட்டால் ஆய்வேடு முடிந்தது. மார்ச் முடிவதற்குள் கொடுத்துவிட்டால் ஒத்தக்கடையில் ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது. கொடுக்காவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

முதல் தடவை எல்லாம் அருமையாகத்தான் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு பேனாவோடு சிரித்துக்கொண்டே எழுதினார்கள். மெஷின் ஓட்டும் உக்கிரபாண்டிக்குத் தொண்ணூற்று ஒன்று. அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"நான்தான் பர்ஸ்ட்டா தாயி?"

"இல்லண்ணே, இதுல மார்க் கூடுனா கெட்டது" என்று வாயை விட்டாள் தமிழ்ச்செல்வி. அவர் முகம் வாடியதைப் பார்த்து, "அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் திரும்ப வாரேன். இதே கேள்விதான்" என்று ஆறுதலாக வேறு சொல்லிவைத்தாள். படித்த பெண், அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இரண்டாம் தடவை தாள்களை வாங்கிக்கொண்டு பஸ்ஸிலேயே கூட்டிப் பார்த்தவள், தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று முதலிலிருந்து மறுபடியும் கூட்டினாள். உக்கிரபாண்டி இருபத்தி மூன்று. பேக்கிங்கில் இருக்கும் தங்கப்பொண்ணு எழுபத்தெட்டிலிருந்து இருபது. அவள் ஒரு நாளில் பார்க்கும் வீடியோக்களை எண்ண ஆள் போட வேண்டும், அவளுக்கு இருபதா? மற்றவர்களும் அதே லட்சணம்தான். கம்ப்யூட்டரில் போட்டால் 0.09 வந்தது.

"அம்புட்டு பேரும் பொய் எழுதிருக்காங்கம்மா" என்றார் அவளுடைய பேராசிரியை கனகா. "ஏன்னு போய்க் கேட்டுட்டு வா."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றாள். பேரையூர்க்காரி, கோபத்தை மறைக்கத் தெரியாது. "ஏண்ணே இப்படி ஒருத்தர் பாக்கியில்லாம பொய் எழுதி என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்க?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன. ஷிப்ட் சூப்பர்வைசர் மொக்கைச்சாமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"பொய்யா? ஏம்மா, பதினாலு நாளு படிச்சோம்மா."

"என்னத்தப் படிச்சீங்க?"

"திரும்ப வந்து எழுதச் சொன்னா பெயில்னுதானே அர்த்தம்? அரியர் எழுதாமலா நான் ஐடிஐ முடிச்சேன்? கேள்விய வேற முன்னாடியே சொல்லிட்டீக. இதுலயும் பெயிலானா மனுசன் மூஞ்சியில முழிக்க முடியுமா?"

அவர் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே போன்கள். வேலைக்கு வந்ததும் எல்லோரும் அதில் போட்டுவிட வேண்டும், சாயங்காலம்தான் எடுக்கலாம். வீட்டில் அவரவர் பொறுப்பு. சந்தேகம் வந்தால் மொக்கைச்சாமியே வீட்டுக்குப் போன் அடித்து விசாரித்திருக்கிறார்.

"எங்க வீட்டுக்காரரு பயந்துபோய் எனக்கு மந்திரிச்சு விட்டுட்டாரு டீச்சர்" என்றாள் தங்கப்பொண்ணு. "போனத் தொடாம சும்மா அவரையே பாத்துக்கிட்டு இருந்தேனாம்."

உக்கிரபாண்டி தலையைச் சொறிந்தார். "எம்மக எட்டாப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தாயி. பத்தாப்பாம்."

தமிழ்ச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழத்தான் நினைத்தாள். சிரிப்புதான் வந்தது, அதுவும் நிற்காத சிரிப்பு. ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை. இருபது என்றால் சத்தியமாக இருபது. அவளுடைய தாள் நாற்பது பேரையும் குணப்படுத்திவிட்டது, அதனாலேயே அவளுடைய ஆய்வேடு ஊத்திக்கொண்டது. இந்தக் கொடுமையை எந்தப் புத்தகத்தில் போய்த் தேடுவது? கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து மற்றவர்களும் காரணமே தெரியாமல் சிரித்தார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும், ரிசல்ட்டச் சொல்லுங்க" என்றார் மொக்கைச்சாமி.

அவள் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் மாதிரி சொன்னாள்: "எல்லாரும் பாஸ்."

விசில் பறந்தது. அடுத்த நொடி தூக்குவாளிக்குள் நாற்பது கைகள். பாஸான சந்தோஷத்தை ஸ்டேட்டஸ் வைக்க வேண்டுமே. தங்கப்பொண்ணு சாப்பாட்டை மறந்து வீடியோவில் இறங்கினாள், உக்கிரபாண்டி குனிந்த தலை நிமிரவில்லை. மணி அடித்ததுகூட யார் காதிலும் விழவில்லை.

அதைப் பார்த்த தமிழ்ச்செல்விக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது: எல்லோரும் முதல் தாள் எழுதிய நிலைக்கே திரும்பிவிட்டார்கள். திரும்ப வருவேன் என்று இந்த முறை மூச்சுகூட விடவில்லை. ரோட்டுக்கு வந்து கனகாவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "மூணு தடவை நடந்ததையும் மறைக்காம எழுதணும். சரின்னா போ."

இரண்டு வாரம் கழித்து, மார்ச் பாதியில், தாள்களோடு அவள் உள்ளே வந்ததும் மொக்கைச்சாமிக்கு வேர்த்துவிட்டது.

"மறுபடி பெயிலாக்கிட்டாகளா?"

"இல்லண்ணே, பாஸ் பாஸ்தான். இதுக்கு மார்க்கே கெடையாது. உள்ளத உள்ளபடி எழுதுங்க, போதும்."

எழுதினார்கள். ஒரு கையில் பேனா, மறு கையில் போன். முதல் தடவைத் தாள்களோடு இவற்றைச் சேர்த்துப் போட்டதும் கம்ப்யூட்டர் 0.93 என்று காட்டியபோது தமிழ்ச்செல்வி நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள். ஒத்தக்கடை நாற்காலி அவளுக்குத்தான்.

நன்றி சொல்ல அல்வாவோடு போனவள், தங்கப்பொண்ணிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏங்க்கா, அம்புட்டு கஷ்டப்பட்டு விட்டுட்டு, திரும்ப ஏன்?"

"பாஸான பாடத்த யாரு டீச்சர் திரும்பப் படிப்பா?"

அதைக் கேட்டுத் தமிழ்ச்செல்விக்கு மறுபடியும் சிரிப்பு. ஆனால் ஒரு தாள் மட்டும் அவள் மனதில் நின்றிருந்தது. உக்கிரபாண்டிக்கு முன்பு தொண்ணூற்று ஒன்று, இப்போது தொண்ணூறு. வீட்டார் கூப்பிட்டும் எழாமல் இருக்கிறீர்களா என்ற கேள்வியில் ஒரே ஒரு மதிப்பெண் குறைந்திருந்தது.

"அந்த ஒரு மார்க்கு எங்கண்ணே போச்சு?"

அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கணக்குல சந்தேகம்னு பாப்பா கூப்பிடும் தாயி. எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனா எந்திரிச்சுப் போயி பக்கத்துல உக்காந்துக்கிருவேன்."